ஆன்லைன் ஷூட்டர் விளையாட்டுகளில் எதிராளியைக் கொன்றுவிட்டு அவன் உடல் மேல் நம் பாத்திரத்தை உட்கார்ந்து எழ வைத்து நக்கல் செய்வது, ஆட்டம் முடிந்ததும் சாட்டில் 'ஈசி' (சுலபம்) என்று டைப் அடிப்பது எல்லாம் சரியா?

உட்கார்ந்து எழுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் செய்திருக்கிறேன். 'ஈசி' என்று அடிப்பவனைத்தான் பிடிக்காது.

2006 வாக்கில் திருச்சியில் ஒரு பிரவுசிங் சென்டரில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற ஷூட்டர் ஆடிக்கொண்டிருந்தோம். மணிக்கு 15 ரூபாய். பெரும்பாலும் டஸ்ட் 2 என்ற மேப்தான், அதாவது ஆட்டக் களம். அடுத்த கேபினில் இருக்கும் நண்பனை ஆட்டத்தில் கத்தியால் குத்திவிட்டு, திரையில் அவன் விழுந்த இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஸ்ப்ரே படம் அடிப்பேன். மறு நொடியே பிளைவுட் தடுப்புக்குக் கீழிருந்து என் நாற்காலிக்கு ஓர் உதை விழும். "டேய், மானிட்டர் ஒடைஞ்சா நீங்கதாண்டா தரணும்" என்று சென்டர் அண்ணன் கத்துவார். அடுத்த ரவுண்டில் அவன் மற்ற நாலு பேரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் தேடி வருவான். நக்கல் அடித்ததற்கான கூலி கையோடு கிடைத்துவிடும்.

வால்வ் 2007-இல் வெளியிட்ட டீம் ஃபோர்ட்ரஸ் 2 இந்தக் கணக்கை விளையாட்டுக்குள்ளேயே வைத்திருந்தது. நீங்கள் செத்ததும் கொன்றவனின் உருவம் உங்கள் திரையில் சற்று நேரம் உறைந்து நிற்கும். அந்தப் படத்தில் தொப்பியைத் தட்டிக்கொண்டோ, வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டோ நிற்க வேண்டும் என்பதற்காகவே ஆட்கள் டான்ட், அதாவது நக்கல் சைகைக்கான பொத்தானை அழுத்துவார்கள். ஆனால் அழுத்திவிட்டால் அது முடியும்வரை சுட முடியாது, ஓட முடியாது. பின்னாலிருந்து குத்தும் ஸ்பை என்ற பாத்திரம் வந்தால் முதுகில் கத்திதான். கொல்லக்கூடிய டான்ட்களும் உண்டு. ஹெவி என்ற தடியன் வெறுங்கையோடு நின்று, விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டி "பவ்" என்பான்; எதிரே பக்கத்தில் நிற்பவன் காலி. அப்படி ஒருமுறை செத்தபோது எனக்குக் கோபமே வரவில்லை, சிரித்துவிட்டேன்.

இன்னொன்று. அதே விளையாட்டில் சில ஹெவிகள் சண்டையே போட மாட்டார்கள். குனிந்தபடி நடந்து வந்து உங்கள் காலடியில் ஒரு சாண்ட்விச்சைப் போடுவார்கள். அவர்களைச் சுடக்கூடாது என்பது எங்கும் எழுதப்படாத மரியாதை. சுடுபவர்களும் இருக்கிறார்கள், அது வேறு. ஆக, ஓரிடத்தில் குனிந்து எழுந்தால் அவமானம், இன்னோர் இடத்தில் அதுவே வணக்கம்.

கபடியில் எதிரணிக் கோட்டைத் தாண்டிப் போய் நின்று தொடை தட்டுபவனை யாரும் திட்டுவதில்லை. பிடித்து அமுக்க ஏழு பேர் முன்னால் நிற்கிறார்கள், தெரிந்துதான் தட்டுகிறான். ஆட்டம் முடிந்து விசில் அடித்த பிறகு பஸ்ஸில் ஏறிக்கொண்டு ஜன்னல் வழியே கத்துபவன் வேறு ரகம். 'ஈசி' அந்த ரகம். ஆட்டம் முடிந்துவிட்டது, தோற்றவனால் திருப்பிச் செய்ய எதுவும் இல்லை. 2016-இல் வந்த ஓவர்வாட்ச்சில் பிளிசார்ட் இதற்கு நல்ல வைத்தியம் செய்தது. 'ஜிஜி ஈசி' (குட் கேம், ஈசி) என்று சாட்டில் அடித்தால் அந்த வரிக்குப் பதிலாக, தூங்கும் நேரம் தாண்டிவிட்டது, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்கிற மாதிரி ஒரு குழந்தைப் பேச்சு எல்லோர் திரையிலும் வரும். தடை செய்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

மைக்கில் பேசுவது இதையெல்லாம் விட மோசமான சங்கதி. என் அக்கா மகள் ஒரு மொபைல் விளையாட்டில் "லெஃப்ட்ல ரெண்டு பேர் இருக்காங்க" என்று சொன்னதுதான் தாமதம், பெண் குரல் என்று தெரிந்ததும் சொந்த அணியிலேயே ஒருவன் ஆரம்பித்துவிட்டான். இப்போது அவள் மைக்கையே போடுவதில்லை, மேப்பில் குறி வைத்துக் காட்டுவதோடு சரி. அவனைத் தவறாமல் ரிப்போர்ட் செய்யச் சொன்னேன், செய்தாள். சாதி, குடும்பம், குரல் என்று ஆளைத் தொட்டுப் பேசுபவனை நக்கல் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. பதில் சொல்லி நேரத்தை வீணாக்காமல் உடனே மியூட் செய்துவிடுங்கள்.

அந்த நாற்காலி உதைக்காரன் இப்போது துபாயில் இருக்கிறான். சனிக்கிழமை ராத்திரி இன்னும் சேர்ந்து ஆடுகிறோம். போன வாரம் என்னைப் பின்னாலிருந்து குத்திவிட்டு என் மேல் பத்துத் தடவையாவது உட்கார்ந்து எழுந்திருப்பான். உதைப்பதற்குத்தான் நாற்காலி எட்டவில்லை.