கேள்வி–பதில்: மனித உரிமை அமைப்பில் இன்டர்ன்ஷிப்

மனித உரிமை அமைப்புகளில் இன்டர்ன்ஷிப் செய்வதைப் பற்றி மாணவர்கள் கேட்ட கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இந்த முறை பகுதி முழுவதும் அவர்களுக்கே.

கேள்வி: வரலாறு இறுதியாண்டு படிக்கிறேன். மனித உரிமை அமைப்புகளில் சட்ட மாணவர்களைத்தான் எடுப்பார்கள் என்கிறார்கள். நான் விண்ணப்பிப்பதில் பயன் உண்டா?

பதில்: உண்டு, தாராளமாக விண்ணப்பியுங்கள். வழக்கு நடத்துகிற அமைப்பு என்றால் சட்ட மாணவர்களை முதலில் பார்ப்பார்கள், அது இயல்புதான். ஆய்வும் ஆவணப்படுத்தலும் நடக்கிற இடங்களில் நிலைமை வேறு. ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும்போது யார் நேரில் பார்த்தவர், யார் கேள்விப்பட்டவர், எந்த ஆவணம் எப்போது யாருக்காக எழுதப்பட்டது என்று பிரித்துப் பார்க்க வரலாறு படித்தவருக்குத் தெரியும், அங்கே அன்றாடம் நடப்பதும் அதுதான். சித்திரவதையை எப்படி விசாரித்து ஆவணப்படுத்துவது என்று சொல்கிற இஸ்தான்புல் நெறிமுறை 1999-இல் உருவானபோது வழக்கறிஞர்களோடு மருத்துவர்களும் உளவியலாளர்களும் உட்கார்ந்துதான் அதை எழுதினார்கள். புள்ளியியல், புவியியல், மொழி என்று எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது.

ஆனால் சட்டம் படிக்காதவர் கொஞ்சம் வீட்டுப்பாடம் செய்துவிட்டுப் போக வேண்டும். 1948-இன் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தில் மொத்தமே 30 பிரிவுகள், ஒரு மாலையில் படித்துவிடலாம். அப்புறம் 1966-இன் இரண்டு உடன்படிக்கைகள், ஒன்று குடிமை, அரசியல் உரிமைகளுக்கு, மற்றது பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கு. விண்ணப்பத்தில் ‘எனக்குச் சிறுவயதிலிருந்தே அநீதியைக் கண்டால் பொறுக்காது’ என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட, அந்த அமைப்பு கடைசியாக வெளியிட்ட அறிக்கையை அடிக்குறிப்போடு படித்துவிட்டு அதில் உங்களுக்கு எழுந்த ஒரு நல்ல கேள்வியை நாலு வரியில் எழுதுங்கள். படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

கேள்வி: களத்துக்குப் போகலாம் என்ற ஆசையில் சேர்ந்தேன். நாள் முழுக்கப் பழைய செய்திகளைத் தேடி எக்செலில் ஏற்றச் சொல்கிறார்கள். நேரம் வீணாகிறதோ என்று இருக்கிறது.

பதில்: அந்த எக்செல் யாருக்காக, எதற்காக என்று யாராவது உங்களுக்கு விளக்கினார்களா? விளக்கவில்லை என்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. தேதி, இடம், என்ன நடந்தது, சொன்னது யார், அவர் பார்த்தாரா கேட்டாரா, அதிகாரிகள் கொடுத்த விளக்கம் என்ன என்று வரிசை வரிசையாக ஏற்றிக்கொண்டே போகும்போதுதான், வேறு வேறு ஊர்களில் நடந்த காவல் மரணங்களுக்கு ஒரே விளக்கம் கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகளில் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். அறிக்கையின் முதுகெலும்பு அதுதான். தனித்தனிச் சம்பவம் என்றால் யாரோ ஒருவர் செய்த தவறு என்று அரசு ஒதுக்கிவிடும், அடுக்கி வைத்துக் காட்டினால் அப்படி ஒதுக்குவது கஷ்டம்.

வீடியோ சரிபார்க்கிற வேலையும் மேஜையிலிருந்தேதான் நடக்கிறது. கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு என்று ஒரு 40 விநாடி வீடியோ வருகிறது என்று வையுங்கள். முதலில் அதன் சில காட்சிகளை எடுத்துப் படத்தைக் கொண்டு தேடி, இதே வீடியோ பழைய தேதியில் எங்காவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அப்புறம் இடம்: பின்னால் தெரிகிற தண்ணீர்த் தொட்டி, பாதி மறைந்த பெயர்ப் பலகை, சாலை வளைகிற விதம், இவற்றைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட வேண்டும். பிறகு நேரம்: கம்பத்தின் நிழல் எந்தப் பக்கம் எவ்வளவு நீளம் விழுகிறது என்று பார்த்தால் அது காலையா மாலையா என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். எல்லாம் பொருந்தினாலும் சுட்டது யார் என்பது அந்த வீடியோவில் இல்லாமலே போகலாம், அப்போது ‘தெரியவில்லை’ என்றுதான் எழுத வேண்டும். ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மனித உரிமை மையமும் சேர்ந்து 2020-இல் கொண்டுவந்த பெர்க்லி நெறிமுறை இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டது. சர்வதேச மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2016 முதல் பல பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து இதே வேலையைச் செய்ய வைக்கிறது. மேஜை வேலை என்று குறைத்து நினைக்காதீர்கள். மூன்று மாதமும் ஜெராக்ஸ் எடுக்கவும் அரங்கத்தில் நாற்காலி போடவும் மட்டுமே சொல்கிறார்கள் என்றால், சரி, அங்கிருந்து கிளம்பலாம்.

கேள்வி: சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணைச் சந்தித்துப் பேட்டி எடுத்து வரச் சொல்கிறார்கள், தனியாக. எனக்குப் பயமாக இருக்கிறது. மறுத்தால் தைரியமில்லாதவள் என்று நினைப்பார்களா?

பதில்: மறுத்துவிடுங்கள். நினைத்தால் நினைக்கட்டும். உங்கள் பயம் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது.

அந்தப் பெண் ஏற்கெனவே காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் ஒருவேளை பத்திரிகைக்காரர்களிடமும் அதைச் சொல்லியிருப்பார். ஒவ்வொரு முறையும் அதை மறுபடி அனுபவித்துத்தான் சொல்ல வேண்டும். தவிர, ஆளுக்கு ஒரு விதமாகக் கேள்வி கேட்டால் பதில்களில் சின்னச் சின்ன வித்தியாசம் வரும், நாளைக்கு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு ‘இவர் பொய் சொல்கிறார்’ என்பார். பயிற்சி இல்லாத ஒருவர் நல்ல மனதோடு எடுத்த பேட்டியே வழக்கைக் கெடுத்துவிடலாம். 2022-இல் வெளியான முராத் நெறிக்கோவை இந்தக் கவலையிலிருந்து பிறந்ததுதான். பாலியல் வன்முறையிலிருந்து தப்பிப் பிழைத்து, பிறகு நோபல் அமைதிப் பரிசு பெற்ற நாடியா முராதின் பெயரில் அமைந்த அது, தப்பிப் பிழைத்தவர்களிடம் போகும் முன் நீங்கள் ஏன் போகிறீர்கள், அந்தத் தகவல் வேறு வழியில் கிடைக்காதா, உங்களுக்கு அதற்கான தகுதி இருக்கிறதா என்றெல்லாம் கேட்கச் சொல்கிறது.

கற்றுக்கொள்ள ஆசை என்றால், அந்தப் பெண் சம்மதித்தால் மட்டும், அனுபவமுள்ள ஆய்வாளரோடு குறிப்பெடுப்பவராகப் போங்கள். அந்த ஆய்வாளர் சம்மதம் கேட்கிற விதத்தைக் கவனியுங்கள். ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. இது எங்கே வெளிவரும், யார் படிப்பார்கள், பெயர் வராது என்றாலும் ஊரையும் வயதையும் வைத்து அடையாளம் கண்டுபிடிக்க முடியுமா, இதனால் அவருக்குப் பணமோ வேலையோ கிடைக்காது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், நாளைக்கு மனம் மாறினாலும் சொல்லலாம் என்று ஒவ்வொன்றாக, அவர் மொழியில், நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் அழுதால் என்ன செய்வது, யாரிடம் அனுப்புவது என்று போகும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் ஒரு மாணவியைத் தனியாக அனுப்புகிற அமைப்புக்கு இதில் எதுவுமே முக்கியமாகப் படவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: ஊதியம் இல்லாத இன்டர்ன்ஷிப்பை ஏற்கலாமா?

பதில்: வசதி இருந்தால் ஏற்கலாம். ஆனால் வசதி இருப்பவர்தான் ஏற்க முடியும் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஐ.நா. தலைமைச் செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புகளுக்கு ஊதியம் கிடையாது, பயணமும் தங்கலும் உங்கள் செலவு. அதே ஐ.நா. குடும்பத்தில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் உதவித்தொகை தருகின்றன, ஆக மனம் இருந்தால் முடிகிற காரியம்தான். ‘வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் நியாயமான ஊதியம் பெறும் உரிமை உண்டு’ என்கிற உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 23-ஆம் பிரிவை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதைத் தங்கள் அலுவலகத்திலும் கடைப்பிடிக்க வேண்டும். கடன் வாங்கிப் போகாதீர்கள். பகுதி நேரமாக, வீட்டிலிருந்தே செய்ய முடியுமா என்று கேளுங்கள், உங்கள் கல்லூரியில் இதற்கு நிதி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

கேள்வி: ஆய்வு புரிகிறது. அட்வகசி என்றால் கோஷம் போடுவதா? அதில் மாணவருக்கு என்ன வேலை?

பதில்: ஆய்வில் கண்டதை வைத்து, இதை மாற்றுங்கள் என்று அரசை வலியுறுத்துவதுதான் அட்வகசி. அதில் மாணவருக்குப் பெரும்பாலும் எழுதி எழுதிச் சுருக்குகிற வேலை. ஐ.நா. மனித உரிமை மன்றம் சுமார் நாலரை ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு உறுப்பு நாட்டையும் மீளாய்வு செய்கிறது. அரசு ஒரு அறிக்கை கொடுக்கும், அமைப்புகளும் கொடுக்கலாம், ஆனால் தனியாகக் கொடுத்தால் 2,815 வார்த்தைகள், கூட்டாகக் கொடுத்தால் 5,630, அதற்கு மேல் கூடாது. பல ஆண்டு ஆய்வை அதற்குள் அடக்க வேண்டும். பரிந்துரையும் நழுவ முடியாதபடி இருக்க வேண்டும்: ‘சித்திரவதையை ஒழிக்க வேண்டும்’ என்று எழுதினால் எந்த அரசும் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொள்ளும். விசாரணை அறைகளில் கேமரா வேண்டும், கைதானவரின் வழக்கறிஞர் கேட்டால் பதிவைக் கொடுக்க வேண்டும் என்று எழுதிப் பாருங்கள், அப்போதுதான் ஏற்கிறோமா இல்லையா என்று அவர்கள் யோசிக்க வேண்டி வரும். அடுத்த சுற்றில் ‘செய்தீர்களா’ என்று கேட்கவும் முடியும்.

கேள்வி: வன்முறை வீடியோக்கள் பார்த்துத் தூக்கம் போய்விட்டது. சீனியர்கள் பழகிவிடும் என்கிறார்கள்.

பதில்: பழக வேண்டாம். மேற்பார்வையாளரிடம் உடனே சொல்லுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், சத்தம்தான் பெரும்பாலும் மனதில் ஒட்டிக்கொள்ளும். திரையில் சின்னதாக வைத்துப் பாருங்கள், தேவையான பகுதியை மட்டும் பாருங்கள், இரவில் வேண்டாம், தனியாகவும் வேண்டாம். இவ்வளவு செய்தும் தூக்கம் திரும்பவில்லை என்றால் வீடியோ வேலையிலிருந்து மாற்றச் சொல்லுங்கள், மனநல ஆலோசகரையும் பாருங்கள்.

கேள்வி: இன்டர்ன்ஷிப் முடிந்தது. சாட்சிகளின் குறிப்புகள், சில ஒலிப்பதிவுகள் என் லேப்டாப்பிலும் போனிலும் இருக்கின்றன. ஆய்வுக் கட்டுரைக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. அவர்கள் சம்மதம் தந்தது அந்த அமைப்பின் அறிக்கைக்கு, உங்கள் கட்டுரைக்கு இல்லை. எல்லாவற்றையும் அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டு உங்கள் கருவிகளிலிருந்து அழித்துவிடுங்கள். போன் தானாகவே கிளவுடில் ஏற்றி வைத்திருக்கும், வாட்ஸ்அப்பில் அனுப்பியது அங்கேயும் கிடக்கும், இரண்டையும் மறக்காமல் பாருங்கள். ஒப்படைத்ததற்கும் அழித்ததற்கும் ஒரு மின்னஞ்சல் எழுதிப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரைக்கு வெளியான அறிக்கையை மேற்கோள் காட்டலாம். அதற்கு மேல் வேண்டும் என்றால் அமைப்பு மூலமாக அவர்களிடம் புதிதாகச் சம்மதம் கேளுங்கள், முடியாது என்றால் விட்டுவிடுங்கள்.