அமானுஷ்யக் காதல் மர்மத் தொடர்கள் நாலாம் பாகத்துக்கு மேல் ஏன் சொதப்புகின்றன? மிச்சத்தைப் படிக்கலாமா?

கேள்வியின் சாரம் இது: இறந்தவர்களை உணரக்கூடிய ஒரு பெண், இறந்துபோன ஒருவனோடு காதல், பாகத்துக்கு ஒரு கொலை வழக்கு. முதல் மூன்று பாகங்களைக் கீழே வைக்க மனசு வரவில்லை. நாலாவதில் தொய்வு, ஐந்தாவதில் எரிச்சல், ஆறாவது பாதியில் நிற்கிறது. என்ன கெட்டுப்போனது, மேலே படிக்கலாமா, அவன் எப்படிச் செத்தான் என்று தெரிந்துகொள்ளவாவது கடைசிப் பாகத்தை எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இந்த வகைத் தொடர்களில் முதலில் உடைவது பெரும்பாலும் ஒன்றுதான்: அமானுஷ்ய சக்திக்கு முதல் பாகத்தில் போட்ட கட்டுப்பாடு. காதல் சலிப்பதும், மர்மம் சப்பென்று போவதும், வசனம் வளவளப்பதும் அதற்குப் பின்னால் வருபவை.

துப்பறியும் கதைக்காரர்கள் ஒரு காலத்தில் இந்தச் சேர்க்கையையே ஒதுக்கிவைத்தார்கள். 1928-ல் எஸ். எஸ். வான் டைன் எழுதிய 20 விதிகளில் மூன்றாவது, காதல் கூடாது என்பது. எட்டாவது, குற்றத்தை இயல்பான வழிகளில்தான் கண்டுபிடிக்க வேண்டும், ஆவியோடு பேசுவதும் மனதைப் படிப்பதும் ஆகாது என்பது. அடுத்த வருடம் ரொனால்ட் நாக்ஸ் போட்ட பத்து விதிகளில் இரண்டாவதும் அமானுஷ்யத்துக்குத் தடை. காரணம் நியாயமானது. துப்பறிபவருக்குக் கிடைக்கும் தகவல் வாசகருக்கும் கிடைத்தால்தான் அது ஆட்டம். ஆவி வந்து காதில் சொல்லிவிட்டுப் போனால் வாசகர் தோற்றுத்தான் ஆக வேண்டும். இந்த இரண்டு தடைகளையும் மீறிப் பிறந்த வகை இது. அதனால் தனக்கென்று ஒரு விதியை வகுத்துக்கொண்டு, அதைக் கறாராகக் காப்பாற்றியே தீர வேண்டும்.

ஒரு மாதிரித் தொடரை நாமே கட்டிப் பார்க்கலாம். இறந்தவர் கடைசியாகப் பிடித்திருந்த பொருளைத் தொட்டால், அவர் கண் கடைசியாகக் கண்டது நாயகிக்குத் தெரியும். காட்சி மட்டும்தான், சத்தம் கிடையாது. ஒரு பொருளில் ஒரே தடவைதான். பார்த்து முடித்ததும் அந்தக் கை ஒரு நாள் முழுக்க மரத்துப்போகும். நாயகன், தான் இறந்த வீட்டின் நிலைப்படியைத் தாண்ட முடியாதவன். அவனைத் தொட்டால் அவனுடைய சாவை அவள் பார்த்துவிடுவாள். பார்த்த கணம் அவன் போய்விடுவான்.

இப்போது முதல் வழக்கு. ஒரு பெண் தன் அறையில் குத்திக் கொல்லப்பட்டுக் கிடக்கிறாள், கையில் சீப்பு. நாயகி சீப்பைத் தொடுகிறாள். எதிரே ஓர் உருவம், முகம் இருட்டில், கத்தி இடது கையில். உருவத்துக்குப் பின்னால் எண்கள் இல்லாத சுவர்க் கடிகாரம், மணி நாலே முக்கால். இடது கைப் பழக்கமுள்ள மைத்துனன் மாட்டிக்கொள்கிறான். அந்த நேரத்தில் எங்கே இருந்தான் என்று சொல்ல அவனுக்கு ஆளும் இல்லை. ஆனால் ஆறு மணிக்கு அந்தப் பெண் தோழியிடம் போனில் பேசியிருக்கிறாள். அன்று இரவு கை மரத்துப்போன நாயகி நிலைப்படியில் உட்கார்ந்து, உள்ளே நிற்பவனிடம் இதையெல்லாம் சொல்கிறாள். அவன் ஒன்றே ஒன்று கேட்கிறான்: “சீப்பு பிடிச்சிருந்தவ எதைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பா?”

கண்ணாடி! அவள் கடைசியாகக் கண்டது கண்ணாடியில் தெரிந்த பிம்பம். கொலைகாரன் நின்றது எதிரே அல்ல, முதுகுக்குப் பின்னால். கத்தி இருந்தது வலது கையில். கடிகாரத்தில் உண்மை நேரம் ஏழேகால். மைத்துனன் அப்போது ஊரிலேயே இல்லை.

அந்த விதி செய்த வேலையை எண்ணிப் பாருங்கள். சத்தம் இல்லாததால்தான் புதிர் பிறந்தது. செத்தவள் கடைசியாக என்ன கத்தினாள் என்று கேட்டிருந்தால் மூன்றாம் அத்தியாயத்தில் வழக்கு முடிந்திருக்கும். ஒரே தடவைதான் பார்க்கலாம் என்பதால் அவள் தன் ஞாபகத்தை நம்ப வேண்டியிருந்தது. கை மரத்துப்போனதாலும் அவன் வெளியே வர முடியாததாலும் விசாரணையே நிலைப்படியில் நடந்தது. அந்த ஒரு சீனில் துப்பும் இருக்கிறது, காதலும் இருக்கிறது. தொட முடியாத இரண்டு பேர் ஒரு கடிகாரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், நமக்கு நெஞ்சு அடைக்கிறது.

இதே தொடரின் சரிவு எப்படி இருக்கும்? நாலாம் பாகத்தில் அவளுக்கு லேசாகச் சத்தமும் கேட்க ஆரம்பிக்கும். ஐந்தாவதில் கை மரத்துப்போவதைப் பற்றிப் பேச்சே இருக்காது. ஒரே நாளில் மூன்று பொருள்களைத் தொடுவாள். ஆறாவதில் யாரோ கொடுத்த மோதிரத்தைப் போட்டுக்கொண்டு அவன் வெளியே நடப்பான். அவர்கள் கட்டிப்பிடிப்பார்கள், ஒன்றும் ஆகாது, ‘உண்மைக் காதலுக்கு அந்த விதி செல்லாது’ என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரியில் மூன்று சாவு: அமானுஷ்யத்துக்கு இனி விலை கிடையாது, காதலுக்குத் தடை கிடையாது, அவன் எப்படிச் செத்தான் என்ற நீண்ட மர்மத்துக்கு இருந்த ஆபத்தும் போயிற்று. உங்கள் தொடரிலும் இப்படி ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள். எரிச்சல் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே அது இருக்க வாய்ப்பு அதிகம்.

எழுதுபவரின் சோம்பல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொரு வழக்கும் முந்தையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்ற நெருக்கடி இருக்கிறது. சட்டென்று கைக்கு வரும் வழி சக்தியைக் கூட்டுவது. நாயகியின் சக்தி கூடினால் எதிராளியின் சக்தியும் கூட வேண்டும். ஒரு வீட்டுக்குள் நடந்த கொலையில் தொடங்கிய தொடர் உலகத்தையே அழிக்க வரும் அரக்கனிடம் போய் நிற்பது இப்படித்தான். அங்கே துப்புக்கு வேலை இல்லை, சண்டைதான். நல்ல வழி பழைய விதியையே வேறு பக்கத்திலிருந்து திருகுவது. இறந்தவர் பார்வையற்றவராக இருந்தால் அவள் என்ன பார்ப்பாள்? ஒரே கயிற்றை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு செத்திருந்தால் யாருடைய காட்சி வரும்? சக்தி கொஞ்சமும் கூடவில்லை, ஆனால் புத்தம் புதிய வழக்கு. இப்படித் திருகத் தெரிந்தவர்களின் தொடர் ஏழெட்டு பாகம்கூடத் தாங்கும்.

அடுத்த சிக்கல் வேகம். மர்மம் பாகத்துக்குள்ளேயே முடிந்தாக வேண்டும், காதலோ பாகம் பாகமாகத் தள்ளிப்போனால்தான் சுவை. மூன்று பாகம் வரை இரண்டும் ஒன்றாக ஓடிவிடும். அதற்கு மேல் காதலைத் தள்ளிப்போட உண்மையான காரணம் தீர்ந்துபோகிறது. உடனே செயற்கைக் காரணங்கள் வருகின்றன: இரண்டாவது காதலன், ஞாபக மறதி, ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிடக்கூடிய மனக்கசப்பு. இவற்றை விளக்கவே பக்கங்கள் போய்விடுவதால் வழக்கு சுருங்குகிறது. குற்றவாளி கடைசி நாற்பது பக்கத்தில்தான் அறிமுகமாகிறான்.

ஜோடி சேர்ந்ததும் தொடர் செத்துவிடும் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். 1985 முதல் 1989 வரை ஓடிய ‘மூன்லைட்டிங்’ என்ற அமெரிக்கத் துப்பறியும் காதல் தொடரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். 1987-ல் அந்த ஜோடி சேர்ந்தது உண்மை. ஆனால் அதற்கடுத்து நடிகையின் கர்ப்பம், நடிகரின் சினிமாப் படப்பிடிப்பு என்று இரண்டு பேரும் ஒரே சீனில் வருவதே அரிதாகிவிட்டது. 1988-ல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தமும் வந்தது. ஜோடி சேர்ந்ததன் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. சேர்ந்த பிறகு இரண்டு பேரையும் ஒன்றாக வேலை செய்ய விட்டால் கதை நிற்கும். மர்மத்தை அவசரமாக உடைப்பதுதான் இதைவிட ஆபத்து. ‘ட்வின் பீக்ஸ்’ தொடரில் கொலையாளி யார் என்பதைத் தொலைக்காட்சி நிறுவனத்தின் நெருக்கடியால் 1990 நவம்பரிலேயே சொல்ல வேண்டி வந்தது. மைய முடிச்சு அவிழ்ந்ததும் பார்வையாளர்கள் கழன்றுகொண்டார்கள். 1991 ஜூனில் தொடர் நின்றது. அதற்குப் பிறகு 2017-ல்தான் திரும்பி வந்தது.

இனி உங்கள் தொடருக்கு வருவோம். முதலில், சலிப்பு தொடரிலா உங்களிடமா என்று பிரித்துவிடுங்கள். முதல் பாகத்தின் முதல் மூன்று அத்தியாயங்களைத் திரும்பப் படியுங்கள். அதுவும் அலுத்தால் குறை புத்தகத்தில் இல்லை, ஆறு பாகங்களை ஒரே மூச்சில் படித்ததில் இருக்கிறது. வருடத்துக்கு ஒன்றாக வெளிவரும் புத்தகங்களை இரண்டு வாரத்தில் முடித்தால் அதே வர்ணனை, அதே பெருமூச்சு, அதே திருப்பம் எல்லாம் துருத்திக்கொண்டு தெரியும். ஒரு மாதம் இடைவெளி விட்டால் சரியாகிவிடும். முதல் பாகம் இன்னமும் இழுக்கிறது என்றால் குறை தொடரில்தான்.

பிறகு பென்சிலோடு ஒரு சோதனை. இரண்டாம் பாகத்தில் நடுவிலிருந்து ஐந்து அத்தியாயம், ஆறாம் பாகத்திலும் நடுவிலிருந்து ஐந்து அத்தியாயம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சீனின் ஓரத்திலும் அதில் என்ன நடக்கிறதோ அதற்கு ‘து’, ‘கா’, ‘அ’ என்று குறியுங்கள்: புதிய துப்பு, காதலில் ஒரு மாற்றம், அமானுஷ்யத்துக்குக் கொடுத்த விலை. நல்ல பாகத்தில் பெரும்பாலான சீன்களுக்கு இரண்டு எழுத்து விழும். சரிந்த பாகத்தில் ‘கா’ மட்டும் தனியாக வரிசை கட்டும், சில சீன்களுக்கு எந்த எழுத்தும் விழாது. நடுப் பகுதியில் அடுத்தடுத்து மூன்று அத்தியாயம் ‘து’ இல்லாமல் போனால் அந்தப் பாகத்தில் மர்மம் வெறும் சாக்கு என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு தாளில் விதிகள்: என்ன முடியும், என்ன முடியாது, என்ன விலை. புதிய சக்தி வரும்போதெல்லாம் அது முதலில் தலைகாட்டிய இடத்தையும் வழக்கைத் தீர்த்த இடத்தையும் எழுதுங்கள். இரண்டாம் பாகத்தில் காட்டி நாலாவதில் பயன்படுத்தினால் அது நேர்மையான எழுத்து. இரண்டும் ஒரே அத்தியாயத்தில் என்றால் ஏமாற்று வேலை. ஒரு தடவை மன்னிக்கலாம். ஒரே பாகத்தில் இரண்டு தடவை நடந்தால், அந்தத் தொடரில் இனி யோசித்துக்கொண்டே படிப்பதற்குப் பலன் கிடையாது. மர்மத்துக்காகப் படிப்பவர் அங்கே இறங்கிவிடுவது நல்லது. காதலுக்காக மட்டும் படிக்கிறீர்களென்றால் தொடரலாம், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் கடைசியில் ஒரு புதிர் அவிழும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு பாகம் மட்டும் சறுக்கிய தொடர்களும் உண்டு. அதனால் முடிவெடுக்கும் முன் ஏழாவதின் முதல் ஐம்பது பக்கத்தைப் புரட்டுங்கள். விலை திரும்பி வந்திருக்கிறதா? கை மறுபடி மரத்துப்போகிறதா? பின்னட்டைக் குறிப்பு வழக்கைப் பற்றிப் பேசுகிறதா, அல்லது இரண்டு காதலரில் யாரைத் தேர்ந்தெடுப்பாள் என்று மட்டும் கேட்கிறதா? ஆசிரியர் விதிக்குத் திரும்பியிருந்தால் ஆறாவதின் மிச்சத்தைத் தாண்டிவிட்டு ஏழாவதற்குப் போகலாம். தேவையான பழைய கதையைத் தொடக்க அத்தியாயங்களே சொல்லிவிடும்.

அவன் எப்படிச் செத்தான் என்ற கேள்விக்குக் கடைசிப் பாகத்தை எடுக்கலாம், முழுதாகப் படிக்க வேண்டியதில்லை. அதற்கு முன் முதல் மூன்று பாகங்களில் அவன் சாவைப் பற்றி வந்த தகவல்களை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு, யார், ஏன் என்று உங்கள் விடையையும் கீழே எழுதிவிடுங்கள். பிறகு கடைசிப் பாகத்தில் அவன் வீடும் அவன் குடும்பமும் வரும் அத்தியாயங்களையும், இறுதி மூன்று அத்தியாயங்களையும் படியுங்கள். புத்தகத்தின் விடை உங்கள் பக்கத்தில் இருக்கும் தகவல்களில் மூன்றையாவது பயன்படுத்தினால், ஆசிரியர் முதலிலிருந்தே திட்டமிட்டுத்தான் எழுதியிருக்கிறார். நடுவில் விட்டுப்போன பாகங்களைத் தேடிப் படிப்பதற்கு அர்த்தம் உண்டு. ஒன்றையும் தொடாமல் ஏழாம் பாகத்தில் முளைத்த யாரோ ஒருவனைக் கைகாட்டினால், மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தையே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் தாளில் எழுதிய விடையோடு.