மூன்றாவது டவுனில் எட்டு யார்டு

அன்புள்ள சார்,

வணக்கம். மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அறை நண்பர்கள் தயவில் இங்குள்ள கல்லூரிக் கால்பந்து, அதாவது பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து, பார்க்கப் பழகிவிட்டேன். சமீபத்தில் ஆர்மி அணி (அமெரிக்க ராணுவக் கல்லூரியின் அணி) ஆடிய ஆட்டம் ஒன்றைப் பார்த்தோம். மூன்றாவது டவுன், இன்னும் எட்டு யார்டு வேண்டும். பந்தை எறியப் போகிறார்கள் என்று எல்லாரும் காத்திருந்தால், நட்டநடுவே ஓடினார்கள். ஐந்து யார்டுதான் கிடைத்தது. அறையில் ஆளாளுக்குத் தலையில் அடித்துக்கொண்டார்கள். அப்புறம் நான்காவது டவுனிலும் பந்தை உதைத்து அனுப்பாமல் மறுபடி ஓடி, எப்படியோ தேவையானதை எடுத்துவிட்டார்கள். அது வேறு விஷயம். என் கேள்வி இதுதான்: இவ்வளவு தூரம் பாக்கி இருக்கும்போது ஓடுவது வெறும் பிடிவாதம் இல்லையா? இப்படி ஓட்டத்தையே நம்பி ‘ஆப்ஷன்’ ஆடும் அணிகளை எறியத் தெரியாத அணிகள் என்று ஒதுக்கிவிடலாமா?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

‘அது வேறு விஷயம்’ என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அதுதான் விஷயமே.

இந்த ஆட்டம் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். ஆனால் பெரும்பாலான அணிகள் நான்காவது டவுனில் பந்தை எதிராளியின் பக்கம் தூர உதைத்துவிடும். அதற்குப் பெயர் பன்ட். ஆக நடைமுறையில் அவர்களுக்கு மூன்றே வாய்ப்புதான். மூன்றாவதில் எட்டு யார்டு வேண்டும் என்றால் அந்த ஒரே வாய்ப்பில் எட்டையும் எடுத்தாக வேண்டும், அதனால் எறிகிறார்கள்.

ஆர்மியின் கணக்கு வேறு. அவர்கள் நான்கு டவுனையும் கையில் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். மூன்றாவதில் எட்டு பாக்கி என்றால் இரண்டு வாய்ப்பில் எட்டு, வாய்ப்புக்கு நான்கு. நீங்கள் பார்த்தது அதைத்தான்: முதலில் ஐந்து, அப்புறம் மூன்று. உங்கள் நண்பர்கள் தலையில் அடித்துக்கொண்ட நேரத்தில் ஆர்மியின் பயிற்சியாளர் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்.

இப்படிக் கணக்குப் போட ஒரு தைரியம் வேண்டும். அதைக் கொடுப்பது டிரிபிள் ஆப்ஷன்: பந்தோடு ஓடுவது மூவரில் யார் என்பதை ஓடும்போதே முடிவு செய்யும் முறை. பந்தை முதலில் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவன் குவார்ட்டர்பேக். அவனுக்குப் பின்னால் ஃபுல்பேக், இரு பக்கமும் பக்கத்துக்கு ஒரு ஸ்லாட்பேக், இவர்கள் பந்தோடு ஓடுபவர்கள். எதிரணியின் முன்வரிசையில் ஒருவனை வேண்டுமென்றே தடுக்காமல் விடுகிறார்கள். குவார்ட்டர்பேக் பந்தை ஃபுல்பேக்கின் வயிற்றில் வைத்தபடியே அந்த ஒருவனைப் பார்க்கிறான். அவன் ஃபுல்பேக்மேல் பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓடுகிறான், பாயாவிட்டால் கொடுத்துவிடுகிறான். வெளியே ஓடும்போது எதிரே இன்னொருவன் வருவான். அவன் தன்மேல் வந்தால் பந்தை ஸ்லாட்பேக்குக்குத் தள்ளிவிடுவது, வராவிட்டால் தானே ஓடுவது. எல்லாம் இரண்டு நொடிக்குள். ஒழுங்காகச் செய்தால் மூன்று நான்கு யார்டு கிடைத்துக்கொண்டே இருக்கும்.

அப்புறம், எட்டு யார்டு பாக்கி இருக்கும்போது எதிரணி என்ன செய்கிறது என்றும் பாருங்கள். எறியப் போகிறார்கள் என்று நினைத்து, கனத்த ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு வேகமான, எடை குறைந்த ஆட்களைக் கொண்டுவருகிறது. முன்வரிசை குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கும் அவசரத்தில் மேலேறி ஓடுகிறது. பின்வரிசை பத்துப் பன்னிரண்டு யார்டு தள்ளி நிற்கிறது. நடுவில் ஒரு பொட்டல் காடு. அங்கே ஃபுல்பேக்கை விட்டாலும் ஓடலாம், ஸ்லாட்பேக்கை வெளிப்பக்கம் முழு வேகத்தில் ஓடவிட்டுப் பந்தைச் சுண்டினாலும் ஓடலாம். இந்த இரண்டாவதை ராக்கெட் டாஸ் என்பார்கள்.

இதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்ளும் ஆட்டம் 1984 ஜனவரி 2 அன்று நடந்த ஆரஞ்சு பௌல் என்ற பருவ இறுதிப் போட்டி. நெப்ராஸ்காவும் மயாமியும். நெப்ராஸ்கா 24-31 என்று பின்தங்கியிருக்கிறது, ஒரு நிமிடம்கூட இல்லை. நான்காவது டவுன், எட்டு யார்டு வேண்டும், புள்ளி எடுக்கத் தாண்ட வேண்டிய எல்லைக்கோட்டுக்கு 24 யார்டு. உலகத்தில் யாராக இருந்தாலும் எறிவார்கள். நெப்ராஸ்காவின் குவார்ட்டர்பேக் டர்னர் கில் வலப்பக்கம் ஆப்ஷன் ஓடினார். கடைசி நொடிவரை பந்தைப் பிடித்திருந்து ஜெஃப் ஸ்மித்துக்குத் தள்ளினார். ஸ்மித் அப்படியே கோட்டைத் தாண்டிவிட்டார். அதற்கு ஆறு புள்ளி, 30-31. கோட்டைத் தாண்டியபின் கூடுதலாக ஒன்றோ இரண்டோ புள்ளிக்கு ஒரு முயற்சி உண்டு. சமன் செய்ய ஒரு புள்ளி போதும் என்றிருந்தும் பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் வெற்றிக்காக இரண்டு புள்ளிக்குப் போய், அது கைகூடாமல் 30-31 என்று தோற்றார்கள். தேசிய சாம்பியன் பட்டமும் போனது. ஆனாலும் அந்த நான்காவது டவுன் அழைப்பை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஊரே எதிர்பார்க்காத இடத்தில், தங்களுக்கு எது நன்றாகத் தெரியுமோ அதைச் செய்தார்கள்.

சரி, எட்டு யார்டுக்கு இந்த நியாயம் பொருந்துகிறது. பதிமூன்று யார்டு என்றால்?

அங்கே உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. ஆப்ஷன் அணிகள் அங்கே திணறுகின்றன, மறைக்க ஒன்றும் இல்லை. காரணம் குவார்ட்டர்பேக்கின் கை மட்டும் இல்லை, முன்வரிசை. அட்லாண்டாவில் இருந்த வருடங்களில் பால் ஜான்சன் பயிற்றுவித்த ஜார்ஜியா டெக் அணியை அடிக்கடி பார்க்கப் போவேன். ஒரு நாள் மைதானத்துக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. முன்வரிசை லைன்மேன்கள் குனிந்து ஊன்றும் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டம் என்றால் உடம்பின் பாரம் முழுக்க அந்தக் கையில் இருக்கும். விரல்முட்டிகள் புல்லில் புதைந்திருக்கும், பின்புறம் தலையைவிட உயர்ந்திருக்கும். பாய்வதற்கென்றே பழகிய உடம்பு அது. எறியும் ஆட்டத்தில் அதே ஆள் பின்வாங்கி, இடுப்பைத் தாழ்த்தி, வருகிறவனை நின்று தாங்க வேண்டும். அந்த ஒரு முறை கையில் பாரம் குறைகிறது, விரல் நுனி மட்டும் புல்லைத் தொடுகிறது. எனக்கே தெரிந்தது என்றால் எதிரே நிற்பவனுக்குத் தெரியாதா? போதாததற்கு இவர்கள் ஒருவருக்கொருவர் அதிக இடைவெளி விட்டு நிற்பவர்கள். ஓட்டத்துக்கு வாசலாக இருந்த அந்த இடைவெளி, எறியும்போது எதிரிக்கு வாசலாகிவிடும்.

அதனால் பயிற்சியாளர்கள் குவார்ட்டர்பேக்கை நின்ற இடத்தில் வைக்காமல் ஒரு பக்கமாக ஓடவிட்டு எறியச் சொல்வார்கள். குட்டையாக எறிந்து, முன்னால் ஆட்களை ஓடவிடும் ஸ்கிரீன் உண்டு. அதுவும் வேண்டாம் என்றால் ஒரு ஓட்டம் ஓடி, பன்ட் அடித்துவிட்டு, தடுப்பாட்டத்தை நம்புவார்கள். இந்தக் கடைசியைக் கோழைத்தனம் என்று திட்டுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. பதிமூன்று யார்டை எந்த அணியுமே பாதிக்குப் பாதிகூட எடுப்பதில்லை.

‘எறியத் தெரியாத அணிகள்’ என்று கேட்டிருந்தீர்கள். 2009இல் அதே ஜார்ஜியா டெக்கில் டெமேரியஸ் தாமஸ் 46 பந்துகளைப் பிடித்து 1,154 யார்டு எடுத்தார். ஒரு பிடிக்கு 25 யார்டு! எறிவது குறைவு, எறிந்தால் தூரம். பின்வரிசைக்காரன் ஓட்டத்தைத் தடுக்க ஓடிவந்தே பழகியிருப்பான். அவன் ஒரு அடி முன்னால் வைத்ததும் தாமஸ் அவனைத் தாண்டிப் போய்விடுவார்.

ஆனால் அந்த ஒரு அடியை அவன் எப்போது வைப்பான்? ஓட்டத்தை நம்பும்போது. பதிமூன்று பாக்கி என்றால் எவன் நம்புவான்? ஆகவே ஆப்ஷன் அணியின் நீண்ட எறிதலுக்கு உகந்த நேரம், குறைந்த தூரம் பாக்கி இருக்கும் டவுன்தான். 1969 டிசம்பரில் டெக்சஸும் ஆர்கன்சாவும் மோதிய ஆட்டத்தைப் பாருங்கள். டெக்சஸ் 8-14 என்று பின்தங்கியிருக்கிறது, ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. நான்காவது டவுன், மூன்றே யார்டு. ஆர்கன்சா முழுக்க ஓட்டத்துக்குக் காத்திருக்க, டெக்சஸ் பயிற்சியாளர் டேரல் ராயல் நீளமாக எறியச் சொன்னார். குவார்ட்டர்பேக் ஜேம்ஸ் ஸ்ட்ரீட் எறிந்தார், ராண்டி பெஷல் பிடித்தார், 44 யார்டு. டெக்சஸ் 15-14 என்று வென்றது. எட்டுக்கு ஓடிய நெப்ராஸ்கா, மூன்றுக்கு எறிந்த டெக்சஸ். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இந்த ஆட்டமுறையின் மனசு பிடிபடும்.

மூன்றாவது டவுன் நீண்டுபோவதற்கான காரணம் பெரும்பாலும் முன்பே நடந்திருக்கும். முதல் டவுனில் ஒருவன் முன்கூட்டியே அசைந்து ஐந்து யார்டு அபராதம், அல்லது பந்தைத் தள்ளும்போது ஒரு தடுமாற்றம். மற்ற அணிகளுக்கு அது சின்னச் சங்கடம், இவர்களுக்கு அந்தச் சுற்றின் முயற்சியே வீண். 2022இல் இடுப்புக்குக் கீழே பாய்ந்து தடுப்பதற்கான விதியை இறுக்கியபோது இவர்கள் பதறியதும் அதனால்தான். வெளிப்பக்க ஓட்டத்துக்கு அந்தத் தடுப்புதான் ஆதாரம். வாய்ப்புக்கு ஒரு யார்டு குறைந்தாலும் மேலே சொன்ன கணக்கு இடிந்துவிடும்.

2018 செப்டம்பரில் ஆர்மி ஓக்லஹோமா ஊருக்கே போய் ஆடிய ஆட்டம் கிடைத்தால் பாருங்கள். அந்த வருடம் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கிய கைலர் மரே எதிரணியில். அறுபது நிமிடத்தில் 44 நிமிடத்துக்கு மேல் பந்து ஆர்மியிடமே இருந்தது. கூடுதல் நேரத்தில் 21-28 என்று தோற்றார்கள். ஒரு தாளை எடுத்து, ஆர்மியின் ஒவ்வொரு முதல் டவுனிலும் எத்தனை யார்டு கிடைத்தது என்று மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்