அக்ரிலிக் என்றால் மட்டமா?

கேள்வி: ஈசூனில் ஏழெட்டுப் பேர் வாரம் ஒருமுறை கூடி குரோஷே பின்னுகிறோம். பேத்திக்காக இரண்டு மாதம் உட்கார்ந்து அக்ரிலிக் நூலில் ஒரு போர்வை முடித்தேன். 100 கிராம் கண்டு 4 வெள்ளி, ஐந்து கண்டு ஆனது. குழுவில் ஒரு பெண் ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்துவிட்டு, "அக்கா, இவ்வளவு கைவேலையையும் பிளாஸ்டிக்லயா போட்டீங்க?" என்றாள். அவள் வாங்குவது கையால் சாயமிட்ட மெரினோ ஆட்டுக் கம்பளி நூல், 100 கிராம் 38 வெள்ளி. பிரித்துவிட்டு நல்ல நூல் வாங்கட்டுமா?
ஒரு பாட்டி, ஈசூன்

பதில்: பிரிக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த இரண்டு விரல் நமக்குப் புதிதா என்ன? கல்யாண வீட்டில் முந்தானையைத் தடவி "பியூர் பட்டா, ஆர்ட் சில்க்கா?" என்று கேட்கும் அதே விரல்தான். அதே வீட்டில் பிளாஸ்டிக் ஒயர்க் கூடை வருஷக்கணக்காகத் தேக்கா சந்தைக்குப் போய்வந்துகொண்டிருக்கும். அதை யாரும் கிள்ளிப் பார்த்ததில்லை.

அவர் சொன்னது பொய்யில்லை; அக்ரிலிக் பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கை இழைதான். ஆனால் அடுத்த வாரம் அவருடைய மெரினோவின் லேபிளையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் 'சூப்பர்வாஷ்' என்று போட்டிருக்கும். கம்பளி இழையின் மேல் மீனுக்கு இருப்பதுபோல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரிலும் குலுக்கலிலும் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ள, போர்வை சுருங்கித் தடித்துவிடும். இயந்திரத்தில் துவைக்க வேண்டுமென்பதற்காக, வழக்கமான முறையில் குளோரின் கொண்டு செதில்களை மழுக்கி, அப்புறம் இழைமேல் மெல்லிய பிசின் பூச்சு கொடுக்கிறார்கள். அந்தப் பிசினும் செயற்கைதான். 38 வெள்ளிக்குள் அதுவும் அடக்கம்.

போர்வையை யார் துவைக்கப் போகிறார்கள்? உங்கள் மகளோ மருமகளோ, குழந்தை பால் கக்கிய ராத்திரி பதினொரு மணிக்கு. அக்ரிலிக்கை இயந்திரத்தில் போட்டு எடுத்து மூங்கில் கழியில் மாட்டினால், நம் ஊர் ஈரக்காற்றிலும் சீக்கிரம் காய்ந்துவிடும். அலமாரியில் அந்துப்பூச்சியும் அதைச் சீண்டாது; அதன் புழுவுக்கு வேண்டியது கம்பளி. ஒன்று மட்டும் கவனம்: நீராவி இஸ்திரி வேண்டவே வேண்டாம். ஒருமுறை தளர்ந்த அக்ரிலிக் திரும்ப எழும்பாது. குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை, தூங்கும் தொட்டிலில் எந்தப் போர்வையும் வேண்டாம். மடியில், தள்ளுவண்டியில் போர்த்தலாம்.

அதற்காக எல்லாவற்றுக்கும் அக்ரிலிக் என்று கிளம்பிவிடாதீர்கள். சூடான சட்டி பிடிக்கும் துணியை அதில் பின்னினால் உருகிக் கையில் ஒட்டும், அதற்குப் பருத்திதான். வெயிலில் போடும் சட்டைக்கும் அப்படியே, அக்ரிலிக் வியர்வையை உறிஞ்சாது. இன்னொன்று: 2016இல் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வில், 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் உதிரக்கூடும் என்று கணக்கிட்டார்கள். "பிளாஸ்டிக்" என்று முகம் சுளிப்பவர் இதைச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். விரலால் கிள்ளிச் சொல்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் போர்வைக்கு ஆனது 20 வெள்ளி. அவர் நூலில் 190. அடுத்த முறை வாங்கும்போது கண்டின் விலையைப் பார்க்காமல், லேபிளில் உள்ள மீட்டரால் விலையை வகுத்துப் பாருங்கள். மலிவு என்று நினைத்த சில 50 கிராம் கண்டுகள் உண்மையில் மலிவில்லை என்று தெரிந்துவிடும். ஒரே தடவையில் சாயமிட்ட நூலுக்கு லேபிளில் போடும் சாயத் தொகுதி எண்ணும் எல்லாக் கண்டுகளிலும் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் போர்வையின் நடுவே ஒரு கோடு விழும்.

கேள்வி: இணையத்தில் "100% காஷ்மீர்" ஆட்டுமயிர் நூல் 50 கிராம் 3 வெள்ளிக்கு வாங்கினேன். ஏமாந்துவிட்டேனா?
ஒரு வாசகர், தெம்பனிஸ்

பதில்: அந்த விலைக்குக் காஷ்மீரா! ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தொட்டிக்கு மேலே பற்றவையுங்கள். முடி கருகும் வாடை வந்து சாம்பல் பொடிந்தால் விலங்கு முடி. உருகிக் கறுத்த மணியாக இறுகினால் செயற்கை. ஆனால் காஷ்மீரா சாதாரணக் கம்பளியா என்று தீ சொல்லாது. உருகிவிட்டால், விற்பனைப் பக்கத்தையும் லேபிளையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, "பொருள் கிடைத்தது" பொத்தானை அழுத்துவதற்கு முன்பே தளத்தில் புகார் கொடுங்கள். அழுத்தினால் பணம் அந்தப் பக்கம் போய்விடும். விற்றவர் சிங்கப்பூர்க் கடைக்காரர் என்றால், பொய்யான விவரம் சொல்லி விற்பது இங்கே சட்டப்படி நியாயமற்ற வணிகம். பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். 3 வெள்ளிக்காக அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் இஷ்டம். நான் போயிருக்கிறேன், ஒரு குடைக்காக.