சூரியனைப் படிக்க ஏன் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள்?

கேள்வி இதுதான்: சூரியனுக்குள் பிறந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களைப் பிடிக்கும் கருவியை ஏன் நிலத்துக்கு அடியில் கட்டுகிறார்கள்? கொழும்பில், ஒரு மொட்டைமாடியில் வைத்தால் ஆகாதா?

ஆகாது. விரல் நகத்தளவு இடத்தில் செக்கனுக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் புகுந்து போகின்றன. இரவிலும்தான், பூமியைத் துளைத்துக்கொண்டு காலடியால் வரும். ஆனால் அநேகமாக ஒன்றுமே எதிலும் மோதாது. மொட்டைமாடியிலோ விண்வெளிக் கதிர்களால் உண்டாகும் மியூவோன் என்ற வேறு துகள்கள் உள்ளங்கைக்குச் செக்கனுக்கு ஒன்றளவில் விழும். கொழும்பு–காலி வீதியில் பஸ் ஹோர்ன் அடிக்கும்போது பக்கத்து ஆளின் குசுகுசுப்பைக் கேட்கப் பார்ப்பது மாதிரி. பாறை மியூவோனை மறிக்கும். நியூட்ரினோவுக்குப் பாறை இருப்பதே தெரியாது.

ரே டேவிஸ் என்ற விஞ்ஞானி 1960களில் அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், ஏறக்குறைய 1,500 மீற்றர் ஆழத்தில், சுமார் 3,80,000 லீற்றர் உலர்சலவைத் திரவத்தை நிரப்பினார். ஆமாம், லோண்டரிச் சாமான்தான்! நியூட்ரினோ பட்ட குளோரின் அணு ஆர்கனாகும். அந்தத் தாங்கி முழுவதிலும் தேடிப் பொறுக்கியது விரல்விட்டு எண்ணக்கூடிய அணுக்களை. அதுவும் எதிர்பார்த்ததில் மூன்றிலொன்று. அவருடைய கணக்குப் பிழை என்றே பலர் நினைத்தார்கள். கனடாவின் சட்பரியில் 1,000 தொன் கனநீர் (பாரமான ஐதரசன் கொண்ட தண்ணீர்) வைத்துப் பார்த்தபோதுதான், 2002 அளவில், விஷயம் தெளிந்தது: மீதி தொலையவில்லை, வரும் வழியில் டேவிஸின் தாங்கியில் பிடிபடாத வேறு வகை நியூட்ரினோவாக மாறியிருந்தது.