குருத்து குழலாக நிற்கிறதா? தெளிப்பானைக் கீழே வையுங்கள்

கேள்வி: சம்பா நட்டு 30 நாள். சில தூர்களில் நடுக்குருத்து வெங்காயத்தாள் மாதிரி குழலாக வெளிறி நிற்கிறது. தண்டுத் துளைப்பான் என்று கடையில் மருந்தும் டானிக்கும் கொடுத்தார்கள். இரண்டு முறை அடித்தும் குழல் கூடுகிறது. என்ன செய்வது?

பதில்: அடிப்பதை நிறுத்துங்கள். இது ஆனைக்கொம்பன் ஈயின் வேலை.

துளைப்பான் தாக்கினால் குருத்து காயும். இழுத்தால் கையோடு வரும். ஆனைக்கொம்பன் குழல் காயாது, நிமிர்ந்து நிற்கும். ஒரு குழலின் அடியை, வேருக்கு ஒரு விரற்கடை மேலே, பிளேடால் நெடுக்காகக் கீறுங்கள். உள்ளே இருப்பது காலே இல்லாத, தலை எதுவென்று தெரியாத சின்னச் செந்நிறப் புழு. துளைப்பான் புழுவுக்கோ பழுப்புத் தலையும் கால்களும் தெளிவாகத் தெரியும். குழலின் நுனியில் கூட்டுப்புழுத் தோல் நீட்டிக்கொண்டிருந்தால் ஈ பறந்துவிட்டது.

ஈ என்பது பெயர்தான். பார்த்தால் கொசு: 3 மி.மீ. உடல், நீண்ட கால்கள், மணி கோத்தது போன்ற உணர்கொம்பு, எண்ணிவிடலாம் போன்ற சில சிறகு நரம்புகள். கொசுவைப் போலவே இருசிறகிகளில் சேர்ந்தது. குடும்பம் மட்டும் வேறு, செசிடோமைடே. கடிக்காது. விளக்குப்பொறி விற்பவர் தட்டில் விழுந்த கொசுவையெல்லாம் ஆனைக்கொம்பன் என்று எண்ணிக் காட்டுவார். பெண் ஈயின் வயிறு சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முட்டை பொரிய 3, 4 நாள். புழு பனி ஈரத்தில் இலையுறைக்குள் வழுக்கி இறங்கி வளர்நுனியை அடைகிறது. அது அங்கே உண்பதால் இலையுறை குழலாக மாறுகிறது. அந்தக் குழல் வெளியே தெரிவதற்குள் புழுப்பருவம் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆகவே நீங்கள் அடித்தது காலம் கடந்த மருந்து. அந்தத் தூரில் இனிக் கதிர் வராது, டானிக் அதைத் திருப்பாது. யூரியாவைக் கூட்டினால் நிலைமை மோசமாகும்.

20 குத்துகளில் மொத்தத் தூரையும் குழலையும் எண்ணுங்கள். நூற்றுக்குப் பத்தை எட்டினால் மட்டும், புதுத் தூர்களைக் காக்க, ஃபிப்ரோனில் 0.3 சதவீதக் குருணை ஏக்கருக்கு 7 முதல் 10 கிலோ, மெல்லிய நீர் நிறுத்தி, வடிக்காமல். தாய்த்தூரைக் கீறும்போது வெண்பஞ்சு போலக் குட்டிக் கதிர் தெரிந்தால் அதுவும் வேண்டாம். அதற்குப் பின் குழல் உருவாகாது.

குழலைப் பிடுங்கி எரிக்கச் சொல்வார்கள். இங்கேதான் கவனம். கீறும்போது புழு செந்நிறமாக இல்லாமல், அசையாமல், பழுப்புப் பை போல் உப்பி, உள்ளே நுண்ணிய கூடுகள் நெருக்கி அடைத்திருந்தால் அது பிளாட்டிகேஸ்டர் குளவியின் பிள்ளைகள். ஒரே புழுவுக்குள்ளிருந்து குளவிகள் கூட்டமாக வெளிவந்து அடுத்த தலைமுறை ஈயைக் குறைக்கும். அந்தக் குழலை எரிப்பது காவல்காரரை எரிப்பது. பத்துக் குழல் கீறிப் பார்க்காமல் ஒன்றையும் பிடுங்க வேண்டாம். கண்ட மருந்தையும் அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

அடுத்த பருவத்துக்கு எம்.டி.யு. 3 போன்ற எதிர்ப்பு ரகம் கேளுங்கள். ஆனால் இந்த ஈயில் இந்தியாவில் மட்டும் ஏழு உயிர்வகைகள் அறியப்பட்டுள்ளன. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், எந்த ரகத்தைத் தாக்குகிறது என்பதில்தான் வேறுபாடு. எதற்கு எதிர்ப்பு என்று விதை மூட்டையில் அச்சடிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. பக்கத்து வயலில் அதே ரகத்தில் போன பருவம் குழல் வந்ததா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.