வாசகர் கேள்வி: ஏலத்துக்கு வரும் வீடு

கேள்வி: கடன் கட்டப்படாத காரணத்தால் எங்கள் ஊருக்கு அருகில் ஒரு கல்வீட்டை வங்கி பகிரங்க ஏலத்தில் விற்கவிருப்பதாகப் பத்திரிகையில் அறிவித்தல் வந்துள்ளது. கனடாக் குடியுரிமை பெற்ற தம்பி பணம் தருகிறார். அவர் பெயரிலேயே வாங்க எண்ணுகிறோம். முன்கூட்டியே எவற்றைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: வழக்குத் தொடராமலேயே, பணிப்பாளர் சபையின் தீர்மானத்தைக் கொண்டு, ஈடு வைக்கப்பட்ட ஆதனத்தை ஏலத்தில் விற்க 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்கு இடமளிக்கிறது. ஆயினும் வங்கியே விற்கிறது என்பதால் காணியில் வில்லங்கம் இராது என்று எண்ணிவிடாதீர்கள்.

வன்னியில் விலையை விசாரிப்பதற்கு முன், அது உறுதிக் காணியா (தனியாருக்குச் சொந்தமானது), பேர்மிட் காணியா (அரச அனுமதிப்பத்திரத்தில் தரப்பட்டது), அளிப்புப் பத்திரக் காணியா (அரசு அளிப்பாக வழங்கியது) என்று கேளுங்கள். இரணைமடுக் குளத்தை அண்டிய குடியேற்றத் திட்டங்களில் உள்ளதைப் போன்ற அரச காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றைக் கைமாற்றுவதில் பல கட்டுப்பாடுகள் உண்டு என்பதால், பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்டுத் தெளிவு பெறாமல் விலை கூறப் போகக் கூடாது. உறுதிக் காணியாயின், காணிப் பதிவகத்தில் பதிவேட்டைப் பார்க்கும் வேலையைச் சட்டத்தரணி ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

அடுத்து, அறிவித்தலில் காணியின் எல்லைகளை விவரிக்கும் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு காணிக்குப் போங்கள். நான்கு எல்லைகளும் வேலியோடு ஒத்துவருகின்றனவா, உறுதியில் "கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு" என்று எழுதியிருந்தால் அந்தக் கிணறு இன்று யாருடைய வளவுக்குள் நிற்கிறது என்பதை நேரில் பாருங்கள். இடம்பெயர்ந்து திரும்பியவர்கள் வேலியை உத்தேசமாக அடைத்த இடங்களில் நில அளவையாளருக்குக் கொடுக்கும் கூலி ஒருபோதும் வீண்போகாது.

உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஏலத்தில் வாங்கியவருக்கு வங்கி தரும் விற்பனைச் சான்றிதழைக் காட்டி மாவட்ட நீதிமன்றத்தில் உடைமையை ஒப்படைக்கும் கட்டளையைப் பெறலாம். ஆனால் அதற்குக் காலமும் செலவும் பிடிக்கும். அந்தச் செலவைக் கழித்துக்கொண்டே உங்கள் உச்ச விலையைத் தீர்மானியுங்கள். ஊரார் சூழ்ந்து நிற்க, வீட்டு முற்றத்திலேயே நடக்கும் ஏலத்தில் ரோசத்துக்காக விலையை ஏற்றுபவர்களும் உண்டு.

வழக்கமாக ஏலம் முடிந்த உடனேயே விலையில் 10 வீதமும், உள்ளூராட்சிச் சபைக்கு 1 வீதமும், ஏலவிற்பனையாளருக்கு 2.5 வீதமும் கட்ட வேண்டியிருக்கும். வீடு 80 இலட்சத்துக்குப் போனால், விளம்பரச் செலவின் பங்கு நீங்கலாகவே அன்று 10 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா தேவை. மீதி 90 வீதத்துக்குப் பெரும்பாலும் 30 நாட்களே தவணை. தவறினால் கட்டிய முற்பணம் பறிபோகலாம். ஆகவே தம்பியின் பணம் ஏலத்துக்கு முன்பே உங்கள் கணக்கில் இருக்கட்டும். விற்பனைத் தினத்துக்கு முன் கடனாளி நிலுவையைச் செலுத்திவிட்டால் ஏலம் நடைபெறாது என்பதால், முதல்நாள் வங்கிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பது நல்லது.

தம்பியின் பெயரில் வாங்குவது வேறு விடயம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றுவதைத் தடைசெய்கிறது. அவரிடம் இலங்கையின் இரட்டைக் குடியுரிமை இருந்தால் இத்தடை பொருந்தாது. இல்லையேல், உங்கள் பெயரில் வாங்கி, அவர் தந்த பணம் கடனா அன்பளிப்பா என்பதை ஏலத்துக்கு முன்பே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.